பிள்ளை பெற 1600 கிலோமீட்டர்

பிரசவம் என்றதும் நம் கண் முன்னால் வருவது என்ன? ஆஸ்பத்திரி வராந்தா, ஃப்ளாஸ்க்கில் வெந்நீர், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மா, மாமியார், சித்தி, பெரியம்மா. உள்ளே குழந்தை அழுத சத்தம் கேட்டதும் "என்ன குழந்தை?" என்று நர்ஸைச் சூழ்ந்துகொள்ளும் கூட்டம்.

அந்தக் கூட்டத்தை அப்படியே எடுத்துவிடுங்கள். கணவனும் இல்லை. தெரியாத ஊர், புரியாத பாஷை, பிடிக்காத சாப்பாடு. பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பே தனியாக விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மூத்த பிள்ளைகள் ஊரில், யார் பொறுப்பிலோ. வலி எப்போது வரும் என்று காத்துக்கொண்டு ஒரு விடுதி அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் பெண்கள் பல வருடங்கள் இப்படித்தான் பிள்ளை பெற்றார்கள். இன்றும் பலர் பிரசவத்துக்கு ஊரை விட்டுத்தான் போகிறார்கள். இது எப்படி ஆரம்பித்தது, ஒரு சின்ன ஊர் இதை எப்படி மாற்றிக் காட்டியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு வார்த்தை. பள்ளிப் புத்தகத்தில் "எஸ்கிமோக்கள்" என்று படித்தோமே, அவர்களில் பெரும்பகுதியினர்தான் இனுயிட். எஸ்கிமோ என்ற பெயரை கனடாவில் இருப்பவர்கள் விரும்புவதில்லை. அது மற்றவர்கள் வைத்த பெயர். இனுயிட் என்றால் அவர்கள் மொழியில் "மனிதர்கள்", அவ்வளவுதான்.

கூடாரத்தில் பிறந்த காலம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இனுயிட் மக்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில் தங்கவில்லை. சீல், மீன், காரிபு மான் கிடைக்கும் இடம் பார்த்து சில குடும்பங்களாகச் சேர்ந்து நகர்ந்துகொண்டே இருந்தார்கள். கோடையில் தோல் கூடாரம், குளிர்காலத்தில் பனிவீடு. குழந்தை அங்கேதான் பிறந்தது. அனுபவமுள்ள பெண்கள் கூட இருப்பார்கள். பல சமயம் கணவனும் உதவுவான்.

கர்ப்பிணிக்கு நிறைய கட்டுப்பாடுகள் உண்டு. காலையில் கண் விழித்ததும் படுத்துக்கிடக்கக் கூடாது, உடனே எழுந்து வெளியே போய் வர வேண்டும். அப்போதுதான் குழந்தையும் சட்டென்று வெளியே வருமாம். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் கர்ப்பிணி நடமாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று இன்று டாக்டர்களும்தானே சொல்கிறார்கள்?

இதில் என்னை மிகவும் கவர்ந்தது "சனாஜி" என்ற உறவு. கியூபெக் மாகாணத்தின் வடபகுதியான நூனாவிக்கில், பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை அறுக்கும் பெண்ணுக்கு இந்தப் பெயர். கொடியை அறுப்பதோடு அவள் வேலை முடியாது. அந்தக் குழந்தைக்கு ஆயுள் முழுவதும் அவள் ஒரு முக்கியமான சொந்தம். பையன் வளர்ந்து முதல் வேட்டையில் பிடித்ததை அவளிடம் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். பெண் குழந்தை என்றால் தான் முதலில் தைத்ததைக் கொடுக்கும்.

பெயர் வைப்பதும் அப்படியே. சமீபத்தில் இறந்துபோன ஒருவரின் பெயரைக் குழந்தைக்கு வைப்பார்கள். பெயரோடு அவரே திரும்பி வருவதாக நம்பிக்கை. தன் அம்மாவின் பெயரை வைத்திருந்தால், கைக்குழந்தையையே "அம்மா" என்று கூப்பிடுவார்கள்.

ஆக, ஒரு குழந்தை பிறப்பது என்பது ஊரில் யார் யாருக்கு என்ன உறவு என்று முடிவாகும் நேரம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பழைய காலம் எல்லாமே பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பிரசவத்தில் தாய் இறந்த கதைகள் இருக்கின்றன. பஞ்ச காலங்களில் குழந்தைகள் பிழைக்கவில்லை. வெளியாட்களோடு வந்த அம்மை, காசநோய் எல்லாம் பெரிய அடி கொடுத்தன. சிசு மரணம் கனடாவின் தென்பகுதியோடு ஒப்பிடவே முடியாத அளவுக்கு அதிகமாக இருந்தது.

நர்ஸ் வந்தார்

1945-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. பழங்குடிகளின் சுகாதாரப் பொறுப்பு புதிதாக உருவான மத்திய சுகாதாரத் துறைக்கு வந்தது. அதே வருடம் கனடா முழுவதும் குழந்தைகளுக்கான குடும்ப உதவித்தொகை ஆரம்பமானது. மற்றவர்களுக்கு இது காசோலையாகப் போனது. இனுயிட் குடும்பங்களுக்கோ பெரும்பாலும் வணிகக் கடையில் பொருளாக! என்ன வாங்கலாம் என்பதற்கும் பட்டியல் இருந்தது. பால்பவுடரும் குழந்தை உணவும் அதில் முக்கியமானவை. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய்மார்களுக்கு அரசாங்கம் பால்பவுடர் கொடுத்தது.

1950-களிலும் 60-களிலும் மக்கள் கடை, பள்ளிக்கூடம், அரசு வீடுகள் இருக்கும் இடங்களில் நிரந்தரமாகக் குடியேறினார்கள். பாதி விருப்பம், பாதி கட்டாயம். அந்த ஊர்களில் நர்சிங் ஸ்டேஷன்கள் வந்தன. அங்கே வந்த நர்ஸுகளில் பலர் பிரிட்டனில் மருத்துவச்சிப் பயிற்சி பெற்றவர்கள். அதனால் பிரசவம் ஊரிலேயே நடந்தது. ஊர்ப் பெரிய பெண்கள் பக்கத்தில் இருக்க, நர்ஸ் பிரசவம் பார்ப்பார். இரண்டு அறிவும் கொஞ்ச காலம் ஒன்றாக வேலை செய்தன என்று சொல்லலாம்.

விமானம் வந்தது

1970-களில் நிலைமை மாறியது. பிரிட்டிஷ் நர்ஸுகள் குறைந்தார்கள். கனடாவில் படித்த நர்ஸுகளுக்குப் பிரசவம் பார்க்கும் பயிற்சி கிடையாது. ஏனென்றால் அப்போது கனடாவில் மருத்துவச்சி என்ற தொழிலுக்கே சட்ட அங்கீகாரம் இல்லை! முதல் மாகாணமான ஒண்டாரியோவிலேயே 1990-களில்தான் அது கிடைத்தது. இன்னொரு பக்கம், பிரசவம் என்றால் ஆபரேஷன் தியேட்டர் உள்ள ஆஸ்பத்திரியில்தான் என்ற எண்ணம் டாக்டர்களிடம் உறுதியானது. விமானப் போக்குவரத்தும் பெருகிவிட்டது.

விளைவு, பிரச்சினை இருக்கிறதோ இல்லையோ எல்லாக் கர்ப்பிணிகளும் 36 முதல் 38 வாரத்துக்குள் தெற்கே போக வேண்டும் என்பது வழக்கமானது. நூனாவிக்கின் ஹட்சன் விரிகுடாக் கரையில் இருந்த பெண்கள் ஒண்டாரியோவில் உள்ள மூஸ் ஃபாக்டரிக்கோ மாண்ட்ரியலுக்கோ அனுப்பப்பட்டார்கள்.

கெட்ட எண்ணத்தில் யாரும் இதைச் செய்யவில்லை. உயிரைக் காப்பாற்றத்தான் செய்தார்கள். ஆனால் போன பெண்களுக்கு என்ன ஆனது? வாரக்கணக்கில் தனிமை. வீட்டில் இருக்கும் பிள்ளைகள் பற்றிய கவலை. அப்பா தன் குழந்தையை முதலில் பார்ப்பதே விமான நிலையத்தில். பிறந்த இடம் என்று சான்றிதழில் யாரும் வாழ்ந்திராத ஒரு ஊர். ஆஸ்பத்திரியில் கொடியை அறுத்த டாக்டர் யாரோ, அவரிடம் முதல் வேட்டையைக் கொண்டு போய்க் கொடுக்க முடியுமா?

சில பெண்கள் கர்ப்பத்தை மறைத்தார்கள், அல்லது மாதக் கணக்கை மாற்றிச் சொன்னார்கள். விமானத்தில் ஏற்ற முடியாத கட்டம் வந்துவிட்டால் ஊரிலேயே பெறலாமே! பாதுகாப்புக்காகப் போட்ட விதி, பெண்களை எந்தப் பரிசோதனைக்கும் வராமல் ஒளிய வைத்தது.

அதோடு இன்னொரு நஷ்டமும் உண்டு. ஊரில் பிரசவமே நடக்காவிட்டால் அடுத்த தலைமுறை அதை எங்கே கற்றுக்கொள்ளும்? பத்துப் பதினைந்து வருடம் போதும், ஒரு அறிவு காணாமல் போவதற்கு.

1986, புவிர்னிடுக்

புவிர்னிடுக் ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. இன்றைக்கே சுமார் 2000 பேர்தான். மாண்ட்ரியலிலிருந்து ஏறக்குறைய 1600 கிலோமீட்டர். சாலை கிடையாது. நூனாவிக்கின் 14 ஊர்களில் எதற்கும் தெற்கிலிருந்து சாலை கிடையாது.

1975-ல் கியூபெக் அரசோடு போட்ட ஜேம்ஸ் பே ஒப்பந்தத்துக்குப் பிறகு சுகாதாரம், கல்வி போன்ற விஷயங்களில் இங்குள்ள மக்களுக்குக் கொஞ்சம் அதிகாரம் கிடைத்தது. புவிர்னிடுக்கில் இனுலிட்சிவிக் ஆஸ்பத்திரி வரப்போகிறது என்றபோது ஊர்ப் பெண்கள் முன்வைத்த கோரிக்கை, எங்கள் பிரசவம் இங்கேயே நடக்க வேண்டும் என்பது. 1986-ல் அங்கே பிரசவ மையம் திறந்தது.

தெற்கிலிருந்து சில மருத்துவச்சிகள் வந்தார்கள். ஆனால் அவர்களையே நிரந்தரமாக நம்பியிருப்பது திட்டமல்ல. உள்ளூர் இனுயிட் பெண்களைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே, வேலை செய்துகொண்டே கற்றுக்கொடுத்தார்கள். இனுக்டிடுட் மொழியில் பேசி, ஊர் மூதாட்டிகளின் அனுபவத்தையும் சேர்த்துக்கொண்டு. கியூபெக்கில் மருத்துவச்சிகளுக்கான சட்டம் 1999-ல்தான் வந்தது. அதாவது சட்டம் வருவதற்கு 13 வருடம் முன்பே இந்த ஊர் ஆரம்பித்துவிட்டது.

1998-ல் இனுக்ஜுவாக் ஊரிலும், 2004-ல் சலுயிட் ஊரிலும் இதே மாதிரி மையங்கள் வந்தன.

ஆபரேஷன் தேவைப்பட்டால்?

படிக்கும்போது எனக்கும் இந்தக் கேள்விதான் வந்தது. அங்கே சிசேரியன் வசதி இல்லை. விமானத்தில் மாண்ட்ரியல் போகப் பல மணி நேரம் ஆகும், பனிப்புயல் அடித்தால் அதுவும் இல்லை.

அவர்கள் கண்ட வழி இது. மருத்துவச்சிகள், டாக்டர், நர்ஸ் சேர்ந்த ஒரு குழு வாரம்தோறும் கூடும். ஒவ்வொரு கர்ப்பிணியைப் பற்றியும் தனித்தனியாகப் பேசும். இரட்டைக் குழந்தை, ரத்த அழுத்தம் போன்ற ஆபத்து உள்ளவர்களை முன்பே தெற்கே அனுப்பிவிடுவார்கள். மற்றவர்கள் ஊரிலேயே. ரத்தப்போக்கு போன்ற அவசரங்களைச் சமாளிக்க மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி உண்டு. அந்தப் பெண்ணுடைய விருப்பமும் கணக்கில் வரும். ஊரை விட்டு அனுப்புவதும் ஒரு பாதிப்பு என்று அதையும் தராசில் வைக்கிறார்கள்.

2000 முதல் 2007 வரை ஹட்சன் கரை ஊர்களில் நடந்த சுமார் 1400 பிரசவங்களை ஆராய்ச்சியாளர்கள் அலசினார்கள். ஏறக்குறைய 86 சதவீதப் பெண்கள் நூனாவிக்கிலேயே குழந்தை பெற்றிருந்தார்கள். பெரும்பாலானவை மருத்துவச்சிகள் பார்த்த சுகப்பிரசவங்கள். முன்பு எல்லோரையும் ஏற்றிய விமானத்தில் இப்போது தேவைப்பட்டவர்கள் மட்டும் போகிறார்கள்.

காமர்ஸ் படிப்பதால் எனக்கு எதைப் பார்த்தாலும் கணக்குப் புத்தி. விமான டிக்கெட், விடுதி, ஆஸ்பத்திரி பில் இவையெல்லாம் அரசாங்கத்தின் ஏட்டில் செலவாக எழுதப்படும். மனைவி இல்லாத வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க வேண்டி அப்பா வேட்டைக்குப் போகாத நாட்கள் எந்த ஏட்டில் வரும்? அம்மாவுக்காக அழுத மூன்று வயதுக் குழந்தை? கிடைக்காமல் போன சனாஜி? எழுதப்படாத செலவை யாரோ ஒருவர் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். இந்தக் கதையில் கட்டியவர்கள் கர்ப்பிணிகள்.

இன்று

கதை இன்னும் முடியவில்லை. 1999-ல் உருவான நூனாவுட் பிரதேசத்தில் 25 ஊர்கள். ராங்கின் இன்லெட்டில் 1993-லேயே ஒரு பிரசவ மையம் ஆரம்பித்தார்கள், ஆனால் ஆள் பற்றாக்குறை விடாமல் துரத்துகிறது. பெரும்பாலான ஊர்ப் பெண்கள் இக்காலுயிட், வின்னிபெக், யெல்லோநைஃப், ஒட்டாவா என்று போய்த்தான் பெறுகிறார்கள். பிரசவத்துக்குப் போகும் எல்லாப் பழங்குடிப் பெண்களோடும் துணைக்கு ஒருவர் போகும் செலவை மத்திய அரசு ஏற்பதாக அறிவித்தது எப்போது தெரியுமா? 2017-ல்! அதுவரை மைனர் பெண்கள் போன்ற சில விதிவிலக்குகள் தவிர தனியாகத்தான் போக வேண்டும்.

டாக்டர்கள் சொன்னது தப்பு, ஊர்ப் பெண்கள் சொன்னதுதான் சரி என்று ஒரே வரியில் முடிக்க எனக்கு மனசு வரவில்லை. சிசேரியன் இல்லாமல் ஒரு தாய் இறந்தால் அதை எந்த உறவாலும் ஈடுகட்ட முடியாது. ஆனால் எல்லோரையும் அனுப்புவது, யாரையும் அனுப்பாமல் இருப்பது என்று இரண்டே வழிதான் உண்டு என நினைத்தது தப்பு. மூன்றாவது வழி ஒன்று இருந்தது. அந்தப் பெண்களிடம் கேட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

1986-க்குப் பிறகு புவிர்னிடுக்கில் பிறந்த பெண்கள் வளர்ந்து, அதே ஊரில் தங்கள் பிள்ளைகளைப் பெற்றிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் சான்றிதழில் பிறந்த இடம் என்று அவர்கள் வாழும் ஊரின் பெயரே இருக்கிறது. நமக்கெல்லாம் இது ஒரு பெரிய விஷயமாகவே தோன்றியிருக்காது, இல்லையா?