இ.சி. கோழிப்பண்ணை: கொட்டகைகளை இணைக்கும் ஈதர்நெட் கேபிளில் கவனிக்க வேண்டியவை

மூடிய இ.சி. கொட்டகையில் கோடைப் பகலில் மின்விசிறிகள் நின்றுவிட்டால், விற்பனை எடைக்கு வந்த கறிக்கோழிகள் சில நிமிடங்களிலேயே மூச்சிரைக்கத் தொடங்கும். ஒரு மணி நேரத்துக்குள் கொத்துக்கொத்தாக இறந்துவிடும். ஆகவே நெட்வொர்க் அமைக்கும்போது முதல் விதி, கேபிள் அறுந்தாலும் விசிறி ஓட வேண்டும் என்பதே.

இதற்கு ஒவ்வொரு கொட்டகையிலும் தனி கன்ட்ரோலர் தேவை. அலுவலகக் கணினி, வெப்பநிலையைப் பார்க்கவும் அளவுகளை மாற்றவும் மட்டும்தான். கன்ட்ரோலரே பழுதானாலும் சமாளிக்க, சில விசிறிகளைத் தனி தெர்மோஸ்டாட்டில் நேரடியாக இணைக்கவும். மின்சாரம் போனால் பேட்டரியில் ஒலிக்கும் சைரனும் வேண்டும். செல்போனுக்கு வரும் அலாரத்தை மட்டும் நம்பக் கூடாது.

செம்புக் கம்பி ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரைதான் சரியாக வேலை செய்யும். இரண்டு கொட்டகைகளுக்கு இடையே தூரம் குறைவாக இருந்தாலும் ஃபைபர் கேபிளே நல்லது. அதில் மின்சாரம் பாயாது என்பதால், ஒரு கொட்டகையில் இடி மின்னலால் ஏற்படும் பாதிப்பு அந்த வழியாக அடுத்த கொட்டகைக்குப் போகாது. எலி கடிக்காமலிருக்க இரும்புக் குழாய்க்குள் கொண்டு செல்லவும்.

கொட்டகைக்குள் பலர் செய்யும் தவறு, மோட்டார் ஒயரோடு சேர்த்தே நெட்வொர்க் கேபிளையும் கட்டிவிடுவது. விசிறி வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் இருந்தால் தொந்தரவு இன்னும் அதிகம். விசிறி ஓடும்போது மட்டும் சிக்னல் விட்டு விட்டு வரும். ஒரு அடியாவது தள்ளி, உறையிட்ட கேபிளாகப் போடவும். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும்.

எருவிலிருந்து வரும் அம்மோனியா, பிளக்கின் முனைகளை அரித்துவிடும். சுவிட்சை ரப்பர் வளையமுள்ள மூடிய பெட்டியில், முடிந்தால் கொட்டகைக்கு வெளியே வைக்கவும். வீட்டுக்கு வாங்கும் சுவிட்ச் வேண்டாம். 24 வோல்ட்டில் இயங்கும் தொழிற்சாலை வகை சுவிட்சே சூட்டையும் தூசியையும் தாங்கும்.

பல கொட்டகைகள் இருந்தால் கேபிளை வளையமாகச் சுற்றிக் கொண்டுவரலாம். ஓர் இடத்தில் அறுந்தாலும் மறுபக்கம் வழியாகத் தகவல் போகும். ஆனால் வளையத்தைக் கையாளும் வசதியுள்ள மேனேஜ்டு சுவிட்ச் இருந்தால் மட்டுமே இப்படிச் செய்யவும். சாதாரண சுவிட்சில் வளையம் போட்டால் தகவல் சுற்றிச் சுற்றி ஓடி முழு நெட்வொர்க்கும் முடங்கிவிடும்.

வேலை முடிந்ததும், குஞ்சு இறக்குவதற்கு முன் காலியாக இருக்கும் நாளில், ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிப் பாருங்கள். எந்தக் கேபிளைக் கழற்றினால் விசிறி நிற்கிறதோ, அதைச் சரிசெய்யாமல் எலக்ட்ரீஷியனுக்குக் கணக்கு முடிக்க வேண்டாம்.