ஒரு பொருளும் பல நாமமும்

தமிழில் இறைவனைக் குறிக்கும் சொற்கள் பல. கடவுள், தெய்வம், ஆண்டவன், ஈசன், பகவன் என அவை நீளும். இவற்றுட் பெரும்பாலானவை ஒரு சமயத்தார்க்கே உரியனவென்று எல்லை கட்டக்கூடியன அல்ல. திருக்குறளின் முதற் பாட்டில் வரும் ஆதிபகவன் என்னும் பெயரைச் சமணரும் தமதென்பர், சைவரும் தமதென்பர். இறை என்னும் சொல் கடவுளுக்கும் ஆகும், அரசனுக்கும் ஆகும்.

இத்தகைய மொழியிலே புதிதாக ஒரு சமயத்தைப் போதிக்க வருவோர்க்குப் பெரியதோர் இடர்ப்பாடு உண்டு. தம் கடவுளைப் பிறமொழிப் பெயராற் சுட்டினால் மக்களுக்கு விளங்காது. மக்கள் அறிந்த பெயராற் சுட்டினாலோ, அப்பெயரோடு பழைய பொருளும் கூடவே வந்துவிடும். 1549 இல் யப்பானுக்குச் சென்ற பிரான்சிஸ் சவேரியார் இவ்விடரை நேரிற் கண்டவர். முதலில் அந்நாட்டுப் பௌத்தர் வழங்கிய டைனிச்சி என்ற பெயரையே அவர் எடுத்தாண்டார். அதன் உட்பொருள் வேறென்று தெரிந்த பின் அதனைக் கைவிட்டு, தேயுஸ் என்னும் இலத்தீன் சொல்லையே புகுத்தினார்.

அச்சவேரியார் யப்பானுக்குச் செல்லுமுன் போதித்த முத்துக்குளித்துறைக் கரையிலே, அவருக்குப் பின் உழைத்தவர் அண்டிறீக் அடிகளார். இவர் யப்பானியப் பாதிரிமார் சென்ற வழியிற் செல்லவில்லை. தமிழ்ச் சொல்லையே நாடினார். 1578 ஆம் ஆண்டு ஒக்டோபர் 20 ஆம் நாள் கொல்லத்தில் அச்சேறிய அவரது 16 பக்க நூலின் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. தமிழெழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் இதுவே. தம்பிரான் என்பது சைவர் போற்றும் சொல். சுந்தரமூர்த்தி நாயனாரைத் தம்பிரான் தோழர் என்பது வழக்கு. சைவ மடத்துத் துறவியர்க்கும் அது பட்டம். சேரநாட்டில் அரசரையும் தம்புரான் என்றே அழைத்தனர். அச்சொல்லாலேயே கிறித்தவ மக்கள் தம் கடவுளை வணங்கத் தொடங்கினர்.

1606 இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகராகிய இராபர்ட் தெ நொபிலி வடமொழியும் தமிழும் பயின்றவர். அவர் ஆண்ட பெயர் சர்வேசுரன். எல்லாவற்றுக்கும் ஈசுவரன் என்பது அதன் பொருள். ஈசுவரன் என்றதும் சைவரின் உள்ளத்திற் சிவபெருமானே தோன்றுவார் என்பதை அவர் அறியாதவரல்லர். எனினும் ‘சர்வ’ என்னும் அடைமொழி ஐயம் களையுமென்று கருதினார் போலும். 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த புரட்டஸ்தாந்தரான சீகன்பால்கு, கத்தோலிக்கர் எழுதிய தமிழ் நூல்களைப் படித்தே சமயச் சொற்களைக் கற்றார். கொள்கையில் மாறுபட்டாலும், சர்வேசுரன் என்னும் பெயரை அவரும் ஏற்றுக்கொண்டார்.

அவருக்குப் பின் வந்த பபிரிசியுஸ் அப்பெயரை விடுத்துப் பராபரன் என்பதைக் கைக்கொண்டார். 1772 இல் வெளிவந்த அவரது புதிய ஏற்பாடு பராபரனையே பேசியது. அதே நூற்றாண்டிலே தாயுமானவர் பாடிய பராபரக்கண்ணி சைவருடைய நாவில் வழங்கியது. இரு சாராரும் ஒரே பெயரைச் சொல்லி வெவ்வேறு ஆலயங்களில் உருகினர்.

பிற்காலத்தில் இரேனியுஸ் பாதிரியார் பபிரிசியுசின் மொழிபெயர்ப்பைத் திருத்த முற்பட்டார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் அதனைக் கடுமையாக எதிர்த்தார். பிழை திருத்துதல் அறிஞர்க்கு நன்மையாகத் தோன்றலாம். இளமை முதல் ஓதிப் பழகிய வேத வாசகம் மாறுவதோ அடியவர்க்குத் தாங்கொணாத் துன்பம். இவ்வழக்கிலே இரு பக்கத்தும் நியாயம் இருந்தது.

இம்முயற்சியில் ஈழநாட்டின் பங்கும் சிறிதன்று. யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைப் புதிதாக மொழிபெயர்த்த காலை, அவருக்குத் துணைநின்ற பெரும்புலவர் நல்லூர் ஆறுமுக நாவலர். அம்மொழிபெயர்ப்பு 1850 இல் சென்னையில் அச்சாயிற்று. திருநீறு துறவாத சைவர் ஒருவர் கிறித்தவ வேதத்துக்குத் தமிழ் உரைநடை அமைத்துக் கொடுத்தார் என்பது வியப்பே. அவரே 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1854 இல் ‘சைவதூஷண பரிகாரம்’ என்னும் நூலை வெளியிட்டு, விவிலியத்தையே சான்றாகக் காட்டிச் சைவ வழிபாட்டுக்கு அரண் செய்தார். சொற்களை அருகிருந்து ஆராய்ந்தவர் ஆதலின், இரு சமயமும் கூடுமிடமும் பிரியுமிடமும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தன.

யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்புத் தமிழகத்துச் சபைகளில் வேரூன்றவில்லை. போவர் பாதிரியார் தலைமையில் அமைந்த குழு மீண்டும் திருத்தி, 1871 இல் ஒரு பதிப்பை முடித்தது. அதில் நிலைபெற்ற பெயர் தேவன். இதற்கும் தடை கூறினர். தேவர் எனின் இந்திரன் முதலிய பலரும் அடங்குவரே, ஒருவனாகிய கடவுளுக்கு அது பொருந்துமோ என்பது அவர்கள் வினா. லுத்தர் சபையார் பழைய பபிரிசியுஸ் மொழிபெயர்ப்பையே நெடுங்காலம் பேணினர். ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, தேவன் என்றதும் தம் ஒரே கடவுளையன்றி வேறொன்றையும் நினையாத தலைமுறைகள் தோன்றின.

20 ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த திருத்திய மொழிபெயர்ப்பு, தொல்காப்பியத்திலேயே காணப்படும் கடவுள் என்னும் பழஞ்சொல்லை ஏற்றது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின், கத்தோலிக்கரின் வழிபாட்டிலும் சர்வேசுரன் மெல்ல மெல்ல மறைய, இறைவனும் கடவுளும் ஆண்டவரும் வழங்கலாயினர். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் கூடி 1995 இல் வெளியிட்ட பொதுமொழிபெயர்ப்பிலும் கடவுளே இடம்பெற்றது. எனினும் புரட்டஸ்தாந்த மக்களுட் பெரும்பாலோர் இன்றும் விரும்பி ஓதுவது 1871 ஆம் ஆண்டு வேதத்தையே. அவர்கள் நாவில் உள்ள பெயர் தேவனே.

தம்பிரான், சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்னும் இவ்வைந்தும் முன்பே பிறர் வணங்கிய பெயர்கள். அறிஞர் அவற்றைத் தேர்ந்தனர், தள்ளினர், மாற்றினர். ஆயினும் ஒரு பெயருக்கு உயிர் கொடுத்தது அவர்தம் தேர்வு மட்டும் அன்று. துன்பம் வந்துழி அதனைச் சொல்லி அழுதோரும், இன்பம் வந்துழி அதனைச் சொல்லி வாழ்த்தியோரும் கொடுத்த உயிர் அது. அயலார் தம் கடவுளை அழைக்கும் பெயரைக் கேட்கும்போது, அதே சொல் தம் முன்னோர் நாவிலும் ஒருகால் வழங்கியதுண்டோ என எண்ணிப் பார்ப்பது தமிழர் எச்சமயத்தார்க்கும் தகும்.