ஒற்றைச் சக்கரம்

உலகத்திலேயே மிகப் பழைய தினசரிப் பிரயாணி யார் என்று கேட்டால் நம் பெரியவர்கள் சூரிய பகவானைத்தான் காட்டுவார்கள். காலையில் கிழக்கே புறப்பட்டு மாலையில் மேற்கே போய்ச் சேருகிறவர். ஒரு நாள் லீவு உண்டா? ஒரு நிமிஷம் தாமதம் உண்டா? கிடையாது. அவர் ஏறிச் செல்லும் தேருக்குச் சக்கரம் ஒன்றே ஒன்றுதான் என்கின்றன புராணங்கள். ஆனால் அதை இழுக்க ஏழு குதிரைகள் இருக்கின்றன. சாரதியான அருணனுக்குத் தொடைகள் இல்லையாம். அதனால் ஒரு குறையும் நேரவில்லை. அவன் பெடல் மிதிக்க வேண்டியதில்லையே!

ஏழு குதிரையும் இல்லாமல், தெய்வ பலமும் இல்லாமல், மாதச் சம்பளத்தை நம்பி வாழும் ஒரு சாதாரண மனிதன் ஒற்றைச் சக்கரத்தில் ஏறி ஆபீஸுக்குப் போக முடியுமா? கேட்டதும் நமக்குச் சர்க்கஸ் கோமாளியின் ஞாபகம்தான் வரும். ஆனால் இந்த வேடிக்கைக் கேள்விக்குள்ளே வேடிக்கையில்லாத கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது. மலிவான வாகனம் என்றால் என்ன? கொஞ்சம் விலை கொடுத்து வாங்குவதா, அல்லது எல்லோரும் ஏறக்கூடியதா? இரண்டும் ஒன்றல்ல என்பதைக் கண்டுபிடிக்க மனித குலத்துக்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கதை குதிரைத் தீனியில் ஆரம்பிக்கிறது. 1815ஆம் ஆண்டில் இந்தோனேசியாவில் தம்போரா என்ற எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் தூசியும் வானத்தில் பரவ, அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடைகாலமே தலைகாட்டவில்லை. பயிர்கள் பாழாயின. தானிய விலை ஏறியது. மனிதனுக்கே சாப்பாடு இல்லாதபோது குதிரைக்கு யார் போடுவார்கள்? இந்தக் கஷ்டத்தைப் பார்த்துத்தான் ஜெர்மனியில் கார்ல் வான் டிரைஸ் என்ற பிரபுவுக்குக் குதிரையில்லா வாகன யோசனை உதித்தது என்று சில சரித்திர ஆசிரியர்கள் கருதுகிறார்கள். 1817ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12ஆம் தேதி அவர் மான்ஹைம் நகரிலிருந்து மரத்தால் செய்த இருசக்கர வண்டியில் புறப்பட்டார். அதற்குப் பெடல் கிடையாது; காலால் தரையை உந்தி உந்திப் போக வேண்டும். போக வர சுமார் 14 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் கடந்தார். ஜனங்கள் ஆச்சரியப்பட்டார்கள். நகர அதிகாரிகளோ, நடைபாதையில் இதை ஓட்டக்கூடாது என்று பல ஊர்களில் தடை போட்டார்கள். புதிய வாகனம் எது வந்தாலும் முதலில் வருவது தடையுத்தரவுதான் போலிருக்கிறது!

பிறகு சுமார் ஐம்பது ஆண்டுகள் பெரிய மாறுதல் இல்லை. 1860களில் பாரிஸ் நகரில் முன் சக்கரத்தின் அச்சிலேயே கிராங்கும் பெடலும் பூட்டினார்கள். கால் தரையை விட்டு மேலே வந்தது. ஆனால் இதில் ஒரு சங்கடம். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றும். வேகமாகப் போக வேண்டுமென்றால் ஒன்று காலைச் சுழற்றிச் சுழற்றி மிதிக்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினார்கள். 1870களில் இங்கிலாந்தில் முன் சக்கரம் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. பின் சக்கரம் சிறுத்து, வெறும் எடுபிடி ஆள் மாதிரி பின்னாலே ஓடிவந்தது. ஐம்பது அங்குலச் சக்கரம் என்றால் ஒரு சுற்றுக்கு நாலு மீட்டர் தூரம் போகும். அத்தகைய வண்டியில்தான் தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884 ஏப்ரலில் ஸான்பிரான்ஸிஸ்கோவிலிருந்து கிளம்பி, நம் நாட்டின் கிராண்ட் டிரங்க் ரோட்டிலும் லாகூர் முதல் கல்கத்தா வரை மிதித்து, 1886 டிசம்பரில் ஜப்பானின் யோகோஹாமாவில் இறங்கினார்.

ஆனால் ஸ்டீவன்ஸ்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? சாலையில் ஒரு கல் தட்டினால் சவாரிக்காரர் அவ்வளவு உயரத்திலிருந்து தலைகுப்புற விழுவார். பாவாடை கட்டிய பெண்கள் ஏறவே முடியாது. விலையோ தொழிலாளியின் பல மாதச் சம்பளம். பணமும் வேண்டும், இளமையும் வேண்டும், எலும்பு முறிந்தால் படுத்திருக்க அவகாசமும் வேண்டும். ஆக, அது கனவான்களின் விளையாட்டாக இருந்ததே தவிர, வேலைக்குப் போகிறவனின் வாகனமாக ஆகவில்லை.

ஒற்றைச் சக்கர சைக்கிள் பிறந்தது இந்தப் பெரிய சக்கரத்தின் வயிற்றில்தான் என்று கருதப்படுகிறது. பிரேக் போட்டால் பின் சக்கரம் மேலே தூக்கும். கெட்டிக்காரச் சவாரிக்காரர்கள் அதை அப்படியே தூக்கி வைத்துக்கொண்டு முன் சக்கரத்திலேயே சிறிது தூரம் போய்ப் பார்த்தார்கள். எடுபிடி ஆள் இல்லாமலே வேலை நடக்கிறதே! பிறகு அவனுக்கு ஏன் சம்பளம்? கழற்றி எறிந்தார்கள். ஹாண்டில்பாரும் போயிற்று. மிஞ்சியது ஒரு சக்கரம், ஒரு போர்க், ஒரு சீட்டு, இரண்டு பெடல். இதைவிடச் சிக்கனமான வாகனத்தைக் கற்பனை செய்ய முடியுமா?

இந்தச் சமயத்தில்தான் கதை இரண்டாகப் பிரிகிறது. 1885இல் கவெண்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, செயின் வைத்து, இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாக ‘ரோவர்’ சைக்கிளை வெளியிட்டார். பெரிய பல்சக்கரமும் சிறிய பல்சக்கரமும் சேர்ந்து வேகத்தைக் கொடுத்ததால், ஆள் உயரச் சக்கரத்துக்கு அவசியமில்லாமல் போயிற்று. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் மாட்டு வைத்தியராக இருந்த டன்லப், தம் பையனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடித்த டயரை உருவாக்கினார். அமெரிக்காவில் நூறு டாலருக்கு மேல் விற்ற நல்ல சைக்கிள், 1890களின் முடிவில் பாதி விலைக்கு இறங்கியது. குமாஸ்தா ஏறினார், ஆலைத் தொழிலாளி ஏறினார், பெண்கள் ஏறினார்கள். நூறு ஆண்டு கழித்து, 1990களின் தொடக்கத்தில், நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்துப் பெண்கள் அறிவொளி இயக்கத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டு ஆயிரக்கணக்கில் ரோட்டுக்கு வந்தது, அந்த ரோவரின் கொள்ளுப் பேத்தியின் மேல்தான்.

ஒற்றைச் சக்கரமோ சர்க்கஸ் கூடாரத்துக்குள் போய்விட்டது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. இருபது அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 1.6 மீட்டர்தான் நகரும். நிமிஷத்துக்கு நூறு தடவை மிதித்தாலும் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வராது. கோமாளிக்கு அது போதும். பத்து மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டியவருக்குப் போதுமா?

அப்படியும் சிலர் விடவில்லை. கனடாவின் வாலி வாட்ஸ் 1976 முதல் 1978 வரை ஒற்றைச் சக்கரத்தில் உலகப் பிரயாணமாகச் சுமார் 12,000 மைல் போனார். நம் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த தீபக் லேலே 1984இல் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை 6,000 கிலோமீட்டருக்கு மேல் மிதித்தார். 1990களின் கடைசியில் அமெரிக்காவில் பழைய மோட்டார்களுக்கு டயர் செய்யும் கோக்கர் கம்பெனி, 36 அங்குலச் சக்கரத்துக்குக் காற்று டயர் போட்டு விற்றது. ஒரு சுற்றுக்கு 2.87 மீட்டர், அதே நூறு மிதிக்கு மணிக்கு 17 கிலோமீட்டர். ஆபீஸுக்குப் போகும் யோசனை அப்போதுதான் நிஜமாயிற்று. அத்தகைய 36 அங்குலச் சக்கரத்தில்தான் எட் பிராட் என்ற ஆங்கிலேய இளைஞர் 2015இல் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2018இல் வீடு திரும்பினார்.

சரி, வாங்குவதா, செய்துகொள்வதா? வெளிநாடுகளில் பலர் பழைய சைக்கிள் சாமான்களைக் கொண்டே செய்து பார்த்திருக்கிறார்கள். முன் போர்க்கை எடுத்து, ஹாண்டில்பார் இருந்த இடத்தில் சீட்டை வைப்பது சுலபம். சிக்கல் ஹப்பில் இருக்கிறது. சாதாரண முன் ஹப்பில் அச்சு நிற்க, சக்கரம் மட்டும் சுற்றும். இங்கேயோ அச்சும் சக்கரமும் ஒன்றாகச் சுற்ற வேண்டும். ஆகையால் கிராங்க் பூட்டும் அச்சை ஹப்போடு வெல்டிங் வைத்தார்கள். இரண்டு சக்கர சைக்கிளில் கால் முன்னோக்கித்தான் அழுத்துகிறது. ஒற்றைச் சக்கரத்தில் முன்னும் பின்னுமாக மாறி மாறி அழுத்துகிறது. அதுதான் பிரேக், அதுதான் சமநிலை. இந்த ஆட்டத்தில் மலிவான காட்டர் பின் சீக்கிரம் லொடலொடக்கும். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கமாக வெட்டியிருக்கும். சக்கரத்தைத் திருப்பி மாட்டி ஓட்டினால் மரை தானாகக் கழன்றுவிடும். பார்க்கிறவர்கள் ஏற்கெனவே ‘மரை கழன்றவன்’ என்று சொல்லத் தயாராக இருக்கும்போது, அதற்கு நாமே சாட்சி கொடுக்கலாமா? காசை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் சீட்டு உறையோ, பெயிண்டோ தவிர, ஹப்பும் கிராங்கும் அல்ல.

சக்கர அளவிலும் பேராசை கூடாது. பழகுவதற்கு இருபது அங்குலம். இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு இருபத்துநாலோ இருபத்தொன்பதோ. அதற்கு மேல் முப்பத்தாறு. கிராங்க் குட்டையானால் வேகம் கூடும், பிடிமானம் குறையும். வேகம் போதாதென்று ஸ்விட்சர்லாந்துக்காரர் ஷ்லும்ப் ஹப்புக்குள்ளேயே கியர் வைத்து, ஒரு மிதிக்கு ஒன்றரைச் சுற்று வரச் செய்தார். நல்ல யுக்திதான், ஆனால் அதை வாங்கினால் சிக்கனம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடைக்காரர் பில்லில் எழுதாத விலை ஒன்று உண்டு. சுவரையோ வேலியையோ பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து மணி நேரமாவது விழுந்து எழ வேண்டும். ஜப்பானில் 1990களிலிருந்து ஆரம்பப் பள்ளிப் பாடத்திட்டத்திலேயே இதைச் சேர்த்தார்கள். குழந்தைகளுக்கு முழங்கால் சிராய்ப்பு ஒரு பொருட்டல்ல. நாற்பது வயதுக் குடும்பஸ்தருக்கு அப்படியா?

ஒற்றைச் சக்கரம் தோற்றது விலையால் அல்ல. ஏறுகிறவனிடம் அது அதிகம் கேட்டதால். இரட்டைச் சக்கரத்தில் சாமான் அதிகம், செலவும் அதிகம். ஆனால் கிழவரும் ஏறலாம், கர்ப்பிணியின் மருந்தை வாங்கிவரப் பதினாலு வயதுப் பெண்ணும் ஏறலாம். உலகம் அதை எடுத்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது. அப்படியிருந்தும் யாராவது ஒருவர் சிராய்ப்புகளைச் சம்மதித்து ஒற்றைச் சக்கரத்தில் வேலைக்குப் போனால் அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ரயில் வந்ததும் வாகனத்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறப் போகிறவர் அவர். ஸ்டாண்டுக் காசு நம்மிடம்தான் கேட்பார்கள்.