யூதர் நோய் என்று ஒரு பெயர்

1831ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் பூலே ஒரு குதிரையைப் பற்றி எழுதினார். புறப்படும்போது அது நன்றாகவே ஓடும். சற்றுத் தூரம் சென்றதும் பின்னங்கால்கள் நொண்டத் தொடங்கும். நிறுத்தி ஓய்வளித்தால் ஒன்றும் நடவாததுபோல மறுபடியும் ஓடும். அதன் தொடைத் தமனிகள் அடைபட்டிருந்தன என்பது பின்னர் தெரிந்தது. ஓய்ந்திருக்கும் தசைக்குச் சிறிது இரத்தம் போதும். உழைக்கும் தசைக்குப் பன்மடங்கு வேண்டும். அடைபட்ட குழாய் அதைத் தர முடியாது. 1858இல் ஷார்கோ இதே நொண்டலை ஒரு மனிதனிடம் கண்டு எழுதினார். நூறடி நடந்தால் கெண்டைக்கால் கவ்வுகிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்று இன்று ஒருவர் சொன்னால், மருத்துவர் முதலில் நினைப்பது அந்தக் குதிரையின் நோயைத்தான்.

முதுமையில் தமனிகள் தடித்துச் சுருங்குவது எவருக்கும் வியப்பளிப்பதன்று. முப்பது வயது மனிதனின் கால்விரல் கறுத்து அழுகுவதுதான் மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. காரணம் புலப்படாததால் அதைத் 'தானாக வரும் அழுகல்' என்று அழைத்தார்கள். அறியாமைக்குக் கண்ணியமான ஒரு பெயர் என்று நாம் கொள்ளலாம். 1879இல் வியன்னாவில் ஃபெலிக்ஸ் ஃபான் வினிவார்ட்டர், வெட்டியெடுக்கப்பட்ட ஒரு காலின் நாளங்களை நுணுகி ஆராய்ந்து, அவற்றின் உட்சுவர் வளர்ந்து வழியை அடைத்திருப்பதாக விவரித்தார். அதே 1879இல், அதே வியன்னாவில் பிறந்த ஒரு குழந்தை பெற்றோருடன் அமெரிக்கா சென்று, வளர்ந்து, லியோ பியூர்கர் என்னும் மருத்துவரானது தற்செயல்தான்.

பியூர்கர் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் பணியாற்றினார். 1908இல் அவர் வெளியிட்ட கட்டுரை, வெட்டப்பட்ட பதினொரு கால்களை ஆராய்ந்து எழுதப்பட்டது. தமனியிலும் சிரையிலும் அழற்சி உண்டாகிறது, அங்கே இரத்தம் உறைகிறது, அந்த உறைவு நாளடைவில் நாராக இறுகி வழியை மூடுகிறது என்று அவர் காட்டினார். முதியோரின் தமனித் தடிப்பிலிருந்து வேறான ஒரு நோய் இது என்று நிறுவியது அவரது சாதனை. நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது.

அந்தக் கட்டுரையில் இன்னொரு கூற்றும் இருந்தது. இந்நோய் போலந்து, ரஷ்ய யூதர்களிடையே அடிக்கடி காணப்படுகிறது என்றார் பியூர்கர். அவர்களிடம் மட்டுமே என்று அவர் சொல்லவில்லை. ஆனால் கூற்றின் பின்பாதி மறக்கப்பட்டு முன்பாதி ஊர் சுற்றியது. யூதர்களின் நோய் என்றே பல காலம் பேசப்பட்டது. மவுண்ட் சைனாயின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது சற்று வேடிக்கையாகத் தோன்றும். 1852இல் அது நிறுவப்பட்டபோது அதன் பெயரே யூதர் மருத்துவமனை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குவிந்த ஏழை யூதர்கள் அதன் வாசலில் நின்றார்கள். யூதர்கள் வரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு எந்த நோயை எண்ணினாலும் யூதர்கள்தான் மிகுதியாக இருப்பார்கள். எண்ணியவரும் யூதர் என்பதால், இதை வெறுப்பின் விளைவு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. நோயாளி யார் என்று பார்த்த கண், அவன் கையில் என்ன இருக்கிறது என்று போதிய அளவு பார்க்கவில்லை.

கையில் சிகரெட் இருந்தது. 1880களில் சிகரெட் சுற்றும் இயந்திரம் வந்தபின் அது எவருக்கும் எட்டும் விலைக்கு இறங்கியிருந்தது. புகையிலையின் பங்கைப் பியூர்கர் அறியாதவரல்லர். ஆயினும் ஏதோ ஒரு தொற்றே மூலகாரணம் என்ற பக்கமே சாய்ந்தார். பின்னர் அதே மருத்துவமனையில் சாமுவேல் சில்பர்ட் பெருந்தொகையான நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1945இல் எழுதினார். புகையை முற்றாக விட்டவர்களிடம் நோய் நின்றது. விடாதவர்களிடம் விரலிலிருந்து பாதத்துக்கும், பாதத்திலிருந்து முழங்காலுக்கும் ஏறியது. புகைப்பவர் அனைவருக்கும் இது வருவதில்லை என்பதும் உண்மை. ஆகவே மரபுக்கும் பங்கிருக்கலாம் என்று இன்றும் ஆராய்கிறார்கள்.

இந்நோயின் பெயர் உலகச் செய்தித்தாள்களில் அடிபட்டது ஓர் அரசரால். பிரிட்டனின் ஆறாம் ஜார்ஜ் கடுமையாகப் புகைப்பவர். 1948இல் அவரது கால்கள் மரத்தன. வலது காலை எடுக்க நேருமோ என்று மருத்துவர்கள் அஞ்சினர். ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பயணம் தள்ளிப்போடப்பட்டது. 1949 மார்ச்சில் பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே அறுவை அரங்கம் அமைத்து, ஜேம்ஸ் லியர்மன்த் இடுப்புப் பகுதியின் பரிவு நரம்புகளை வெட்டினார். 1924இல் புவெனஸ் அய்ரெஸில் ஹூலியோ டியஸ் இந்நோய்க்கென்று தொடங்கிவைத்த சிகிச்சை அது. நாளங்களைச் சுருக்கும் நரம்பை வெட்டினால் சிறு நாளங்கள் தளரும், தோல் வெதுவெதுப்பாகும், புண் ஆறும். அடைபட்ட பெருந்தமனி மட்டும் அடைபட்டபடியே இருக்கும். அரசருக்கு அப்போது 53 வயது. அவருக்கு வந்தது பியூர்கர் நோயா, சாதாரணத் தமனித் தடிப்பா என்பது ஐயத்துக்குரியது. கால் தப்பியது. 1951 செப்டம்பரில் இடது நுரையீரலை எடுத்தார்கள். புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை டாலும் ஹில்லும் வெளியிட்டு அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1952 பிப்ரவரி 6 அன்று அரசர் காலமானார்.

1960இல் வெஸ்லர் என்னும் அமெரிக்க மருத்துவர், பியூர்கர் நோய் என்று தனியாக ஒன்றே இல்லை என்று வாதிட்டார். இரண்டே ஆண்டுகளில் மக்குசிக்கும் அவரது சகாக்களும் அதை மறுத்தார்கள். யூதர் மிக அரிதான கொரியாவிலும் ஜப்பானிலும் நோய் தாராளமாகக் காணப்பட்டபின், பழைய பெயரைக் கட்டிக்காக்க இடமில்லாமல் போயிற்று. 1998இல் ஜப்பானியரான ஷியோனோயா வகுத்த நோயறி நியதிகள் ஐந்து. ஐம்பது வயதுக்கு முன் தொடங்குவது, முழங்காலுக்குக் கீழ்த் தமனிகள் அடைபடுவது போன்றவை அதில் உண்டு. புகைத்த வரலாறும் உண்டு. இனம் இல்லை.

மேற்கு நாடுகளில் அருகிவிட்ட இந்நோய் நம் நாட்டில் அருகவில்லை. இங்கே அதன் துணை பெரும்பாலும் பீடி. பீடி இலை காற்றை எளிதில் உள்ளே விடாது. அணையாமலிருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. சிகரெட்டைவிடக் குறைந்த புகையிலையே உள்ளிருந்தும் நஞ்சு குறைவதில்லை. அரசு மருத்துவமனைகளுக்கு இவ்வாறு வருபவர்கள் முப்பதிலும் நாற்பதிலும் இருக்கும் ஆண்கள். மூட்டை சுமப்பவர்கள், வண்டி இழுப்பவர்கள், வயலில் நிற்பவர்கள். காலை நம்பிப் பிழைப்பவர்களுக்கே காலில் வருகிறது. வலியால் இரவெல்லாம் உறங்க முடியாமல் காலைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். தொங்கவிட்டால் இரத்தம் சற்று இறங்கும். அந்த இரவைக் கழிக்க ஒரு பீடி பற்றவைக்கத் தோன்றும். அவர்களுக்குப் புகையிலையை விடுவிக்க உதவும் ஆலோசகரோ மருந்தோ கிடைப்பது அரிது. காலை எடுக்கும் அறுவை அரங்கம் எந்த மாவட்டத் தலைநகரிலும் உண்டு.