கடலில் தேடிய நகர் கரையில் கிடைத்தது

கிரேக்க நாட்டில், கொரிந்து வளைகுடாவின் தென்கரையில் ஹெலிக்கே என்றொரு நகரம் இருந்தது. அகாயா நாட்டுப் பன்னிரு நகரங்களின் கூட்டமைப்புக்கு அதுவே தலைமை. கிரேக்கர் கடல் தெய்வமாகக் கருதிய பொசைடனுக்கு அங்கே புகழ்மிக்க கோயில் ஒன்றும் உண்டு.

கி.மு. 373ஆம் ஆண்டுக் குளிர்கால இரவொன்றில் நிலம் அதிர்ந்தது. தொடர்ந்து கடல்கோள் வந்தது. விடிந்தபோது நகரும் இல்லை, மாந்தரும் இல்லை. உடல்களை மீட்கச் சென்ற 2000 பேர் வெறுங்கையுடன் மீண்டனர் என்று ஸ்டிராபோ எழுதுகிறார். அடுத்து நடந்தது என்ன தெரியுமா? ஊரின் நிலத்தை அண்டை ஊரார் பங்கிட்டுக்கொண்டார்கள்!

பொசைடனின் சினமே காரணம் என்றனர் பலர். நிலத்தடி மாற்றங்களே காரணம் என வாதிட்ட இயற்கை ஆய்வாளரும் அன்றே இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

அழிந்த ஊரைக் காண அறிஞர்கள் தேடிச் சென்றார்கள். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் எரடோஸ்தனீஸ் சென்றார்; பூமியின் சுற்றளவைக் கணித்தாரே, அவரேதான். நீருக்கடியில் பொசைடனின் வெண்கலச் சிலை நிமிர்ந்து நிற்பதாகவும், வலை வீசுவோருக்கு அது பேரிடர் விளைப்பதாகவும் ஓடக்காரர்கள் அவரிடம் கூறினர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வந்த பாசேனியாஸ், உப்புநீர் அரித்த இடிபாடுகள் முன்போல் தெளிவாகத் தெரியவில்லை என்று குறித்து வைத்தார். அதன்பின் இடமே மறந்து போயிற்று.

நம் காலத்தவர் வளைகுடாவில் தேடினார்கள். 1960இல் மரினாட்டோஸ் என்ற கிரேக்க அறிஞரின் கட்டுரை ஆர்வத்தைத் தூண்டியது. ஒலியலைக் கருவிகள் கடலடியைத் துழாவின, நகரம் அகப்படவில்லை. பழைய நூலோர் பொய்யுரைத்தனரா? இல்லை. சிலை நின்ற இடத்தை அவர்கள் 'போரோஸ்' என்றார்கள். குறுகிய நீர்வழி என்பது அச்சொல்லின் பொருள். அதை வளைகுடா என்று கொண்டதால் வந்த வினை இது! கடற்கரைக்கு உட்புறத்தே இருந்த காயலையே அச்சொல் குறித்தது என்றார் அகழ்வாய்வாளர் டோரா காட்சோனோபௌலு. அவரும் ஸ்டீவன் சோட்டர் என்ற அறிவியலாரும் 1988இல் தொடங்கிய தேடலில், கடலை விட்டு வயல்வெளியைத் துளையிட்டுப் பார்த்தார்கள். 2001இல் ரிசோமிலோஸ் என்ற சிற்றூரின் அருகே, காயல் வண்டலுக்கடியில் இடிந்த சுவர்கள் வெளிப்பட்டன.

நிலம் அமிழ்ந்து, அவ்விடம் காயலாயிற்று. ஆறுகள் சுமந்து வந்த மண் நூற்றாண்டுக் கணக்கில் அதைத் தூர்த்து, மீண்டும் நிலமாக்கிவிட்டது. ஆகவே, மூழ்கிய ஹெலிக்கேயைக் காண இன்று செல்வோருக்குப் படகு வேண்டுவதில்லை. தோட்டங்களுக்கு நடுவே தோண்டிய குழிகளைத்தான் அவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அவ்வெளியிலேயே உரோமர் காலப் பெருஞ்சாலை ஒன்றும் கண்டெடுக்கப்பட்டுள்ளது. பாசேனியாஸ் அவ்வழியே சென்றிருத்தல் கூடும்.