மண்சரிவுக்கு ஒரு வரலாறு இருக்கு

1852இல் ஸ்கொட்லாந்திலிருந்து ஜேம்ஸ் டெய்லர் இலங்கைக்கு வந்தபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. 1867இல் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அவர் பெயர் வரலாற்றில் நின்றுவிட்டது. அதே காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோணியில் மன்னாருக்கு வந்து, காட்டு வழியே மாத்தளை வரை நடந்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில். வழியிலேயே கொலராவில் செத்தவர்களும் பலர். அவங்க பெயர் எங்கே?

இரண்டு தரப்பும் குடியேறிகள்தான். வித்தியாசம் காணியில் தொடங்குது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனையையும் அரசுடைமையாக்கியது. கண்டிக் கிராமத்தவர் காணியை இழந்தார்கள். தோட்டத் துரைமார் வாங்கினார்கள். காட்டை வெட்டியது எங்களில் பலருடைய பூட்டன்மார். முதலில் கோப்பி, 1869இல் இலைத்துரு நோய் வந்து அது அழிய, தேயிலை. ஆழமாக வேர்விட்ட மரங்கள் போக, மலையின் மண் பிடிமானம் இழந்தது. வெட்டியவர்களுக்குக் கிடைத்தது லயத்தில் ஒரு காம்பிரா. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாடே இல்லாதவருக்கு யார் காணி குடுப்பாங்க?

இதற்கான விலையை 2014 ஒக்டோபர் 29 காலையில் முழு நாடும் பார்த்தது. பதுளை மாவட்டத்தின் மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அங்கே ஆபத்து என்று எச்சரித்திருந்தது. ஆனால் "எழும்பிப் போங்க" என்று சொல்வது லேசு. எங்கே போவது? சொந்தக் காணி இல்லாதவருக்கு எச்சரிக்கை வெறும் கடதாசிதான். கண்டி மாவட்டமும் மண்சரிவு அபாய மாவட்டம்தான். இங்குள்ள லயங்களிலும் மழைக்காலத்தில் அதே கேள்விதான்.

காலநிலை மாற்றம் மழையைக் கடுமையாக்குது. அதற்குக் காரணமான புகையில் லயத்துக் குடும்பத்தின் பங்கு மிகச் சொற்பம். ஆனாலும் மண் முதலில் அவங்க மேல்தான் விழுது. உலகம் காலநிலை நீதி என்று பேசுவது இதைத்தான். மலையகத்தில் அந்த நீதி மரம் நடுவதோடு முடியாது. பாதுகாப்பான இடத்தில் காணியும், குடும்பத்தின் பெயரில் உறுதியும் வேண்டும்.

கலைப்பீடத்தில் வரலாறு படித்து என்ன செய்யப் போறீங்க என்று எங்களிடம் கேட்கிறார்கள். சூழல் கொள்கை வகுக்கும் மேசைக்கு லயத்துப் பிள்ளைகள் போகத்தான் வேண்டும். போகும்போது மண்சரிவு வரைபடத்தோடு 1840ஆம் ஆண்டுச் சட்டத்தையும் கையில் கொண்டு போவோம்.