51 புள்ளிகள்

சிலிகி சாலை ரோச்சோர் கால்வாயைத் தாண்டியதும் சிராங்கூன் சாலை என்று பெயர் மாற்றிக்கொள்ளும். தாண்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் நிற்பது பார்க்லேன். 2000களில் வளர்ந்த சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டடம் என்றாலே லான் கடைகள்தான். அரையிருட்டு, எலும்புவரை இறங்கும் ஏர்கான், வரிசை வரிசையாகக் கணினி, மணிக்கு இரண்டு மூன்று வெள்ளி. வார நாளில் பள்ளிச் சீருடையோடு போனால் மாலை ஆறரைக்கு முன் உள்ளே விடமாட்டார்கள். அதனால் புத்தகப் பையில் ஒரு டி-சட்டை எப்போதும் மடித்திருக்கும். கால்வாய்க்கு அந்தப் பக்கத்துத் தேக்காவின் வரலாறு எழுதுகிறவர்கள் மாட்டுக்கொட்டகை, செங்கல் சூளை, சுண்ணாம்புக் கம்பம் என்று தொடங்கி நகைக்கடையிலும் பூக்கடையிலும் வந்து நிறுத்திக்கொள்கிறார்கள். நியாயந்தான். ஆனால் கால்வாய்க்கு இந்தப் பக்கம் எங்கள் வயதுக்காரர்கள் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து என்ன செய்தார்கள் என்பதும் வரலாறுதானே? அதில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு மூலை. இணைய விளையாட்டில் ஹீலராக இருப்பதும், அந்த ஹீலரின் புள்ளிகளை எங்கே போடுவது என்ற தகராறும்.

விளையாடாதவர்களுக்காக ஒரு பத்தி. இவ்வகை ஆட்டங்களில் பெரிய அரக்கனைக் கூட்டமாகத்தான் வீழ்த்த முடியும். டாங்க் முன்னால் நின்று அடி வாங்குவார். டிபிஎஸ் அடிப்பார். ஹீலர் பின்னால் நின்று, அடி வாங்குகிறவர் சாகாமல் பார்த்துக்கொள்வார். நிலை ஏற ஏறப் புள்ளிகள் கிடைக்கும். மரம்போல் கிளைவிட்ட ஓர் அட்டவணையில் அவற்றை எங்கெங்கே வைக்கிறோமோ அதுதான் பில்ட். இந்த மரத்தைப் பரவலாக்கியது 2000இல் வந்த டயாப்லோ 2. அதில் ஒருமுறை வைத்த புள்ளியை எடுக்கவே முடியாது. 2010இல் ஒரு பேட்ச் வந்த பிறகுதான் அதற்கு வழி பிறந்தது.

சிங்கப்பூரில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் பில்ட் மேப்பிள்சீயில் அமைந்தது. கொரிய ஆட்டமான மேப்பிள்ஸ்டோரியை 2005இல் ஏஷியாசாஃப்ட் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்குமாகக் கொண்டுவந்தது. அக்விலா, பூட்டெஸ் என்று சர்வர்களுக்கு விண்மீன் கூட்டங்களின் பெயர்கள். கார்ட்டூன் முகம், ஆனால் கணக்கு கறாரானது. மந்திரவாதியாகத் தொடங்கினால் முதல் புள்ளிகளை மேக்ஸ் எம்பி, அதாவது மந்திரச் சக்தியின் உச்ச அளவு, கூட்டும் திறனில் போட்டுவிட வேண்டும், ஏனென்றால் அதன் பலன் அதற்குப் பிறகு ஏறும் நிலைகளுக்குத்தான். பிந்திப் போட்டால் பிந்தியதுதான். நிலை 30இல் கிளரிக் ஆகி, 70இல் பிரீஸ்ட் ஆனதும் ஹோலி சிம்பல் கிடைக்கும். கூட்டத்தில் இருக்கிற எல்லோருக்கும் அனுபவப் புள்ளி கூடுதலாகச் சேரும். அதோடு அந்தப் பிரீஸ்டின் சுதந்திரம் முடிந்தது. ‘எச்எஸ் இருக்கா?’ என்பதுதான் அவரைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி. ஏணிப்படியில் ஏற்றி நிறுத்தி, அவ்வப்போது பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு மற்றவர்கள் சண்டைக்குப் போய்விடுவார்கள்.

நான் சொல்லவருவது அதைத்தான். ஹீலரின் புள்ளிகள் ஒருநாளும் ஹீலருடையவை அல்ல. கல்யாண வீட்டில் பரிமாறுகிறவர் கடைசிப் பந்தியில் உட்காருவதுபோல, அடுத்தவர் இலை நிறைந்த பிறகு மிஞ்சுவதுதான் நமக்கு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் டேலன்ட் மரங்கள் மாறிய கதையை இந்தக் கோணத்தில் பார்த்தால் நன்றாகப் புரியும்.

அந்த ஆட்டம் அமெரிக்காவில் வெளியானது 2004 நவம்பர் 23. அப்போது உச்ச நிலை 60. பத்தாம் நிலையிலிருந்து நிலைக்கொரு புள்ளியாக மொத்தம் 51. பிரீஸ்டுக்கு மூன்று மரங்கள்: டிசிப்ளின், ஹோலி, ஷேடோ. நான் அப்போது ரோவல் சாலை வீவக வீட்டில் இருந்தேன். பகலில் கேம்பல் லேனில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. ஏன் பிரீஸ்ட் எடுத்தேன் என்றால், ஹீலர்களுக்கு எப்போதும் பஞ்சம், கில்ட் எனப்படும் ஆட்டக்காரர் சங்கத்தில் இடம் உடனே கிடைக்கும். வென்ட்ரிலோ என்ற குரல் அரட்டையில் என் குரலைக் கேட்டதும், ‘ஓ, பெண்ணா? அதான் ஹீலர்’ என்பார்கள். கடையில் எட்டு மணி நேரம் அடுத்தவர் பற்றுவரவு பார்த்துவிட்டு வருகிறவளுக்கு அடுத்தவர் ரத்தக்கோடு பார்ப்பதில் என்ன மென்மை வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இரண்டும் ஒரே வேலைதான், வரவு செலவு.

இடம் உடனே கிடைக்கும் என்று நினைத்ததிலும் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் கில்டில் துவாஸில் வேலை பார்க்கும் ஓர் அண்ணன்தான் ரெய்டு, அதாவது பெரிய அரக்கர்கள்மேல் கூட்டமாகப் போகும் படையெடுப்பு, நடத்துவார். என் பாத்திரம் மனித குலம் என்று பார்த்ததும், “குள்ளன் எடுத்திருந்தா இன்னைக்கே சேத்திருப்பேன் லா, தங்கச்சி,” என்றார். அச்சத்தைத் தடுக்கும் ஃபியர் வார்டு என்ற மந்திரம் அப்போது குள்ளர் குலப் பிரீஸ்டுக்கு மட்டுந்தான். ஒனிக்சியா, மேக்மடார், நெஃபாரியன் என்ற பெரிய அரக்கர்கள் மூவருமே கூட்டத்தை அஞ்சி ஓடவைப்பார்கள். ஆக, புள்ளி போடத் தொடங்குவதற்கு முன்பே, நம் உயரத்தைக்கூட ரெய்டுதான் தீர்மானித்தது.

மோல்டன் கோர் ரெய்டுக்கு 40 பேர் போவோம், அதில் ஹீலர்கள் பத்துப் பன்னிரண்டு. ரெய்டுப் பிரீஸ்டுகளில் பெரும்பாலானோர் வைத்திருந்தது 21/30/0. டிசிப்ளினில் 21 புள்ளி எதற்கு? டிவைன் ஸ்பிரிட்டுக்கு. ஒருவருக்கு ஸ்பிரிட் 40 கூட்டும் ஆசி அது. ஸ்பிரிட் இருந்தால், மந்திரம் போடச் செலவாகும் மானா ஊறும். ஆனால் ஒரு மந்திரம் போட்டால் அடுத்த ஐந்து விநாடிக்கு அந்த ஊற்று அடைபட்டுவிடும். ஐந்து விநாடி விதி என்று அதற்குப் பெயர். அதனால் நல்ல ஹீலர் என்பவர் எப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று தெரிந்தவர். பெரிய மந்திரத்தின் பழைய, சின்ன படியைப் போட்டு மானா மிச்சம் பிடிப்பதும் அந்தக் காலத்துக் கைத்தொழில், டவுன்ராங்க் என்போம். ஹோலியில் 30 புள்ளி வைத்தால் ஸ்பிரிச்சுவல் ஹீலிங் நிரம்பி, குணமாக்குவது பத்து விழுக்காடு கூடும். இன்னும் ஒரு புள்ளி இருந்தால் லைட்வெல் கிடைக்கும். யாரும் ஏங்கவில்லை. லைட்வெல் ஓர் ஒளிக்கிணறு. அடிபட்டவர் தாமே போய் அதை அழுத்த வேண்டும், அழுத்திய பிறகு ஒரு கீறல் விழுந்தாலும் பலன் அறுந்துவிடும். சண்டைக்காரன் கிணற்றைத் தேடிப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னொரு பாதை 31/20. டிசிப்ளின் மரத்தின் உச்சியில் பவர் இன்ஃபியூஷன். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை, 15 விநாடிக்கு ஒருவரின் மந்திர அடியையும் குணமாக்கலையும் 20 விழுக்காடு ஏற்றும். ஏறிப்போய் அந்த 31ஆவது புள்ளியை வைத்தவர் பிரீஸ்ட். அதை வாங்கிக்கொண்டவர் மந்திரத்தால் அடிக்கும் மேஜ். அடிப்பட்டியலில் பெயர் மேலே போனதும் அவர்தான்.

நம் ஊர்க் கதை இதோடு இரண்டு விஷயத்தில் பின்னிக்கொள்கிறது: கடிகாரமும் கம்பியும். ஃப்ராஸ்ட்மோர்ன், பார்திலாஸ் போன்ற சர்வர்களுக்கு ஓஷியானிக் என்று பெயரே ஒழிய, அவை இருந்தது அமெரிக்காவில். சிட்னி நேரம் நமக்கு இரண்டு மணி முந்தியது, அவர்கள் கோடையில் மூன்று. ஆஸ்திரேலியர்கள் இரவு ஏழரைக்கு ரெய்டு தொடங்கினால் இங்கே மாலை நாலரையோ ஐந்தரையோ. வேலைக்குப் போகிற சிங்கப்பூர்க்காரர்கள் தனிக் கில்டு அமைத்து இரவு ஒன்பதுக்குத் தொடங்கினோம். தேசிய சேவையில் இருந்த பையன்கள் வார இறுதியில் மட்டுந்தான் வருவார்கள், அவர்களும் ஞாயிறு இரவு கேம்ப்புக்குத் திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைசி அரக்கனுக்கு முன்னால் டாங்க் சப்பாத்து மாட்டப் போய்விடுவார். கலிஃபோர்னியாவில் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் சர்வர் பராமரிப்பு, இங்கே அது செவ்வாய் இரவு. வாரத்தில் அந்த ஓர் இரவு அம்மாவுக்கு என் முகம் தெரியும்.

கம்பி இன்னும் கொடுமை. மேஜிக்ஸ் இணையம் என்றாலும் ஸ்டார்ஹப் கேபிள் என்றாலும் பசிபிக்கைத் தாண்டிப் போய்வர இருநூறு மில்லிவிநாடிக்கு மேல், கெட்ட நாளில் முந்நூறு. கிரேட்டர் ஹீல் போட மூன்று விநாடி. டிவைன் ஃபியூரியில் ஐந்து புள்ளி வைத்தால் அரை விநாடி குறையும். அமெரிக்கப் பிரீஸ்டுக்கு அந்த அரை விநாடி வசதி. எங்களுக்கு அதில் ஏறக்குறையப் பாதி கடலிலேயே போய்விடும். திரையில் டாங்க் உயிரோடு நிற்பார், சர்வரில் செத்திருப்பார். அதனால் அடி விழுமுன்பே கணித்து மந்திரத்தைத் தொடங்கி, அடி விழாவிட்டால் நகர்ந்து ரத்துசெய்யும் பழக்கம் எங்களுக்கு ஊறிப்போனது. 2014 அக்டோபரில் அந்தச் சர்வர்களை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குள் எங்கள் கில்டில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் பிறந்திருந்தன.

புள்ளிகளைக் கலைத்து மறுபடி போட முதல் தடவை ஒரு தங்கம், பிறகு ஐந்து, பத்து என்று ஏறி 50இல் நிற்கும். அந்தக் காலத்தில் 50 தங்கம் சேர்க்கப் பல மணி நேர உழைப்பு வேண்டும். ரெய்டுக்கு மருந்து, ஆசி மந்திரத்துக்கான மெழுகுவர்த்தி வாங்கவும் தங்கம் வேண்டும். ஹோலி பிரீஸ்ட் தனியாகப் போய் ஒரு காட்டுப்பன்றியைக் கொல்வதற்குள் டீ ஆறிவிடும். ஷேடோவுக்கு மாறிச் சம்பாதிக்கலாம். மாற 50, ரெய்டுக்குத் திரும்பிவர 50. சம்பாதிக்கப் போவதற்கே வாரம் நூறு தங்கம் கட்டணம். மேஜுக்கு இந்தத் தொல்லை இல்லை. ரெய்டில் அடிக்கிற பில்ட்டே காட்டிலும் அடிக்கும்.

2007 ஜனவரி 16இல் பர்னிங் குருசேட் வந்தது. உச்சம் 70, புள்ளி 61, ரெய்டு 25 பேர். ஹோலி மரத்தின் 41ஆவது புள்ளியில் சர்க்கிள் ஆஃப் ஹீலிங்: காத்திருக்காமல், குழு முழுவதையும் ஒரே அழுத்தில் தூக்கிவிடும். தாமதக் கம்பியில் தொங்குகிற எங்களுக்கென்றே செய்ததுபோல இருந்தது. ஆனால் அதே விரிவாக்கத்தில் டிவைன் ஸ்பிரிட்டுக்கும் ஒரு மேம்பாடு வந்தது. ஸ்பிரிட்டில் பத்து விழுக்காடு மந்திர அடியாகவும் சேரும், டிசிப்ளினில் 23 புள்ளி வேண்டும். 23உம் 41உம் கூட்டினால் 64. இருப்பது 61. ஆகவே எந்தப் பிரீஸ்டும் இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. மேஜ்களுக்கும் வார்லாக்குகளுக்குமாகக் கில்டில் ஒரு பிரீஸ்ட் 23/38 போட்டுக்கொண்டு, தன் கையிலிருந்த நல்ல ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டும். ஹீல் பட்டியலில் அவர் பெயர் அடியில் கிடக்கும், புதிதாக வந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எங்கள் கில்டில் அந்த ஒருவர் நான். அண்ணன் கேட்டவிதம் அப்படி: “நீதான் சொன்னா கேப்பே.”

அதன் பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 2009 ஏப்ரலில் ஆயிரம் தங்கத்துக்கு இரண்டு பில்ட் வைத்துக்கொள்ளும் வசதி வந்தது; ஹீலர்கள் முதல்முறையாகத் தனியே நடமாடினார்கள். 2010 அக்டோபரில் மரங்களை வெட்டிக் குட்டையாக்கினார்கள், ஒரு மரத்தின் உச்சிவரை ஏறாமல் அடுத்ததைத் தொட முடியாது. 21/30 போன்ற கலப்புகள் அன்றோடு செத்தன. 2012 ஆகஸ்டில் மரமே போயிற்று. பதினைந்து நிலைக்கு ஒருமுறை மூன்றில் ஒன்று, மொத்தம் ஆறு தேர்வு. எல்லோரும் ஒரே பில்ட்டைத்தான் பார்த்தெழுதுகிறார்கள், அது தேர்வே இல்லை என்றது ஆட்டத்தை நடத்தும் நிறுவனம். பார்த்தெழுதினோம் என்பது உண்மை. யாருக்காக எழுதினோம் என்பதை அவர்கள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. அந்தச் சமயத்தில் பவர் இன்ஃபியூஷனையும் தனக்கு மட்டும் போட்டுக்கொள்வதாக மாற்றினார்கள். மேஜ்கள் முணுமுணுத்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல ஆசை. உண்மையில் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் யாருக்கோ சேர வேண்டியதைத் தின்பதுபோல உறுத்தியது.

2019 ஆகஸ்டில் பழைய ஆட்டத்தை கிளாசிக் என்று மறுபடி திறந்தார்கள். சிங்கப்பூர்க்காரர்கள் பலர் அருகல் சர்வரில் கூடினோம். நாற்பதை நெருங்குகிறவர்கள், முதுகுவலி, மறுநாள் காலை பிள்ளையைப் பள்ளிக்கு விட வேண்டும். 21/30ஐப் போட அட்டவணையைப் பார்க்கவே தேவைப்படவில்லை.

2020இல் ஷேடோலேண்ட்ஸ் வந்தபோது பவர் இன்ஃபியூஷன் எல்லாப் பிரீஸ்டுக்கும் திரும்பிவந்தது, அடுத்தவர்மேல் போடும்படியாகவே. அக்கா மகன் ஒருவன் மேஜ் விளையாடுகிறான். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவன் முறுக்கை எடுத்துக்கொண்டே, “சித்தி, பிஐ எனக்குத்தானே?” என்றான். 2022 நவம்பரில் டிராகன்ஃப்ளைட். மரங்கள் திரும்பின, அப்போது இரண்டு: வகுப்புக்கு ஒன்று, சிறப்புப் பிரிவுக்கு ஒன்று. அவனுக்கு அதிலெல்லாம் பொறுமை இல்லை. நீளமான எழுத்துச் சரம் ஒன்றை ஒட்டினால் மரம் முழுவதும் தானே நிரம்பிவிடுகிறது. எனக்கும் ஒன்று அனுப்பினான். ஒட்டாமல் ஒவ்வொரு புள்ளியாகப் போட்டேன். வகுப்பு மரத்தில் ட்வின்ஸ் ஆஃப் த சன் பிரீஸ்டஸ் என்று ஒன்று இருந்தது. பவர் இன்ஃபியூஷனை இன்னொருவர்மேல் போட்டால், அதே பலன் போடுகிறவருக்கும் சேரும். விலை ஒரு புள்ளி. அதை நோக்கித்தான் முதலில் புள்ளிகளைப் போட்டேன்.